ஹாட் சாஸ் சேர்த்த சமையல் கெட்டுப்போனால்: குறையைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பாட்டில் ஹாட் சாஸை வைத்து அன்றாடம் சமைப்பவர்கள் என்னிடம் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "காரம் அதிகமாகிவிட்டது." பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்த்தால், பாதி நேரம் அங்கே மிஞ்சி நிற்பது புளிப்பு. வினிகரின் கூர்மை நாக்கைப் பிடிக்கும்போதே மிளகாயின் எரிச்சலும் வந்து சேர்ந்துகொள்வதால், இரண்டையும் நாம் காரம் என்றே எடுத்துக்கொள்கிறோம். நானும் நெடுநாள் சாஸின் அளவைக் குறைத்துக்கொண்டே போனேன். சாப்பாடு சப்பென்று ஆனதே தவிர, அந்தக் கூர்மை போகவில்லை. சாஸை எந்த நேரத்தில் ஊற்றுவது என்பதை மாற்றிய பிறகுதான் சமையல் சீரானது.

உங்கள் சமையலில் தெரியும் குறை எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் கைச்செலவில்லாத காரணம் முதலிலும், சமைத்ததைக் கொட்ட வேண்டிய நிலை கடைசியிலும் வரும். ஆனால் எந்தத் தலைப்புக்குப் போனாலும் அதற்கு முன் ஒரு சிறு சோதனை இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்: ஒரு நிமிடச் சோதனை

பாட்டிலை இறுக மூடி நன்றாகக் குலுக்குங்கள். உப்புப் போடாத சோற்றிலோ ரொட்டித் துண்டிலோ இரண்டு சொட்டு விட்டு வாயில் போட்டு, ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். முதலில் வருவது புளிப்பும் உப்பும். காரம் பின்னால்தான் ஏறும். அவசரப்பட்டு ஐந்து நொடியில் முடிவுசெய்தால், எதைக் குறைக்க வேண்டும் என்பதிலேயே தவறிவிடுவீர்கள்.

அடுத்தது லேபிள். சேர்க்கப்பட்ட பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதுவதுதான் பொதுவான முறை. அந்தப் பட்டியலின் முதல் மூன்று பெயர்களைப் பார்த்தால் உங்கள் பாட்டில் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

வினிகரும் மிளகாயும் உப்பும் மட்டும் இருந்தால் அது நீர்த்த புளிப்பு சாஸ். சர்க்கரையும் பூண்டும் முன்வரிசையில் இருந்தால் அது கெட்டியான இனிப்பு சாஸ். கேரட், வெங்காயம், மாம்பழம் போன்ற காயோ பழமோ முன்னால் இருந்தால் அது விழுது சாஸ். முதல் வகை தண்ணீர்போல் ஓடும், பாலைத் திரிக்கும். இரண்டாவது வாணலியில் கரியும். மூன்றாவதில் பெரும்பாலும் ஹபனேரோ போன்ற கடும் மிளகாய் இருக்கும், அதோடு திறந்த பிறகு சீக்கிரம் கெடும். கீழே வரும் குறைகளில் பாதி இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பயன்படுத்துவதால் வருபவை.

## குறை: சாப்பாடு புளிக்கிறது, வினிகர் வாடை அடிக்கிறது

இதைத்தான் முதலில் வைக்கிறேன். நான் அதிகம் சரிசெய்திருக்கும் குறை இதுதான்.

முதலில், இது உண்மையிலேயே புளிப்புதானா என்று உறுதிசெய்யுங்கள். ஒரு கரண்டி குழம்பைத் தனியே எடுத்து, அதில் ஒரு சிட்டிகை சர்க்கரை கலந்து சுவையுங்கள். சட்டென்று நன்றாக இருந்தால் குறை புளிப்பில்தான். சர்க்கரை சேர்த்தும் வாய் எரிகிறது என்றால் காரத்துக்கான தலைப்புக்குப் போங்கள்.

### சாஸைக் கடைசி நிமிடத்தில் ஊற்றினீர்களா?

இதுவே மிக எளிய காரணம். அடுப்பை அணைக்கும் நேரத்தில் இரண்டு மூன்று தேக்கரண்டி நீர்த்த சாஸை ஊற்றினால், வினிகர் சமையலோடு சேராமல் தனியாக நிற்கும். இன்னும் ஐந்து நிமிடம் மிதமான தீயில், மூடியில்லாமல் கொதிக்க விடுங்கள். இதில் பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது: வற்றவிட்டால் மட்டும் புளிப்புக் குறையாது. தண்ணீரும் கூடவே ஆவியாகிப் போவதால், மிச்சமிருப்பதில் புளிப்பு அப்படியே செறிந்து நிற்கும். எவ்வளவு வற்றுகிறதோ அவ்வளவு வெந்நீரை ஊற்றிக்கொண்டே கொதிக்க விட வேண்டும்.

### ஏற்கெனவே வேறு புளிப்பு இருக்கிறதா?

தக்காளி, எலுமிச்சை, தயிர், இவற்றில் எது இருந்தாலும் சாஸ் இரண்டாவது புளிப்பாகிவிடும். தக்காளி சேர்த்த குழம்பில் நான் எலுமிச்சையைத் தொடுவதே இல்லை. அந்த வேலையைச் சாஸே செய்துவிடும். இப்போது குழம்பு புளித்துவிட்டது என்றால், கொழுப்பைச் சேர்ப்பதுதான் அடுத்த படி. நாலு பேருக்கான அளவில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயோ, அரைத்த முந்திரியோ, நிலக்கடலை விழுதோ போதும். அதற்கும் அடங்காவிட்டால் அரைத் தேக்கரண்டி சர்க்கரை. இரண்டையும் ஒரே நேரத்தில் கொட்ட வேண்டாம். எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

### வெண்ணெயும் சர்க்கரையும் போதவில்லையா?

சமையல் சோடா இருக்கிறது. ஆனால் இது கூர்மையான கத்தி போன்றது. அரைக்கால் தேக்கரண்டி சோடா, ஐந்து சதவீத வினிகர் ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டியின் புளிப்பை முழுவதுமாக அடக்கிவிடும். அதனால் அதில் பாதியில் தொடங்குங்கள். நுரை அடங்கியதும் கலக்கிச் சுவையுங்கள். கூடிவிட்டால் சோப்புத் தண்ணீர்போல் ஒரு சுவை வரும். அதைச் சரிசெய்ய மறுபடி புளிப்பு ஊற்றி, மறுபடி சோடா போட்டு என்று போனால் அந்தப் பாத்திரம் தேறாது.

### அடுத்த முறை இது வராமல் இருக்க

சாஸை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பாதியை வெங்காயம் வதங்கிய எண்ணெயில், மிதமான தீயில் ஒரு நிமிடம் வதக்குங்கள். அதன் ஈரம் போகப் போக வினிகரும் கூடப் போய், மிளகாயும் உப்பும் எண்ணெயில் தங்கிவிடும். மீதிப் பாதியில் ஒரு பங்கை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு மணத்துக்காக விடுங்கள். எஞ்சியது மேசையில் இருக்கட்டும். என் சமையலில் சூப், பாஸ்தா, பருப்பு, வதக்கிய காய் எதற்கும் இந்த ஒரே பழக்கம்தான். இதைத் தொடங்கிய பின் சோடா டப்பாவைத் தேடிய நாட்கள் மிகக் குறைவு.

## குறை: தாங்க முடியாத காரம்

### வாயில் போட்டாயிற்று, எரிகிறது

தண்ணீர் குடிக்காதீர்கள். காரத்தைத் தரும் கேப்சைசின் நீரில் அதிகம் கரையாது. தண்ணீர் அதை வாய் முழுவதும் பரப்பத்தான் உதவும். குளிர்ந்த பாலையோ தயிரையோ வாயில் சிறிது நேரம் வைத்திருந்து விழுங்குங்கள். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு அகற்றுகிறது, ஆகவே கொழுப்பு நீக்கிய பாலும் பயன்படும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு கவளம் சோற்றையோ ரொட்டியையோ மென்று விழுங்கலாம், அல்லது ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்துக்கொள்ளலாம்.

### பாத்திரத்தில் இருக்கிறது, இன்னும் பரிமாறவில்லை

முதலில் குழம்பின் மேற்பரப்பைப் பாருங்கள். சிவப்பாக எண்ணெய் மிதக்கிறதா? காரத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் கேப்சைசின் எண்ணெயில் எளிதாகக் கரையும். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் அசைக்காமல் விட்டு, அந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். கைச்செலவே இல்லாத இந்த வழியைப் பலர் முயன்றே பார்ப்பதில்லை. எடுத்த எண்ணெயைக் கொட்ட வேண்டாம். மறுநாள் முட்டை பொரிக்க அருமையாக இருக்கும்.

எண்ணெய் மிதக்கவில்லை என்றால் தேங்காய்ப்பால், க்ரீம், கடலை விழுது இவற்றில் ஒன்று. அதுவும் போதாவிட்டால் காரமில்லாத பருப்பு, வேகவைத்த காய், சோறு, நூடுல்ஸ் என்று அளவைக் கூட்டுங்கள். கணக்கு எளிது: இரண்டு தேக்கரண்டி சாஸ் போதுமான ஒரு லிட்டர் சூப்பில் நான்கு விழுந்திருந்தால், இன்னொரு லிட்டர் சாஸில்லாத சூப் வேண்டும். ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் காரமும் போகாது, சுவையும் போய்விடும்.

உருளைக்கிழங்கைப் போட்டால் காரத்தை உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு உறிஞ்சுவது குழம்பை. அதிலுள்ள காரம், உப்பு, புளிப்பு எல்லாம் ஒரே விகிதத்தில்தான் உள்ளே போகும். கிழங்கைக் குழம்பிலேயே விட்டு எல்லோரும் சாப்பிட்டால் அளவு கூடியதால் பயன் உண்டு. எடுத்து வெளியே போடுவதில் பயனில்லை.

### எப்போதும் ஊற்றும் அளவுதான், ஆனால் இன்று மட்டும் காரம்

மூன்று காரணங்களைப் பாருங்கள். பாட்டிலைக் குலுக்காமல் பயன்படுத்தியிருந்தால் மிளகாய்ச் சதை அடியில் தங்கி, கடைசிக் கால் பங்கு கடுமையாக இருக்கும். அல்லது நீண்ட நேரம் வற்றவிட்டிருப்பீர்கள். தண்ணீர் போய்விடும், காரம் போகாது. அல்லது பாட்டில் மாறியிருக்கும். மிளகாயின் காரத்தை அளக்க வில்பர் ஸ்கோவில் 1912-ல் வகுத்த அளவுமுறையில் ஹாலபேனோ மிளகாய் 2,500 முதல் 8,000 வரை வரும். கயேன் 30,000 முதல் 50,000 வரை. ஹபனேரோ 1,00,000 முதல் 3,50,000 வரை போகும். சாஸில் இவை நீர்த்துப்போகின்றன என்றாலும், மிளகாயின் பெயர் மாறியிருந்தால் பழைய அளவை மறந்துவிட்டுச் சொட்டுச் சொட்டாகத் தொடங்குங்கள்.

### எப்போது விட்டுவிட வேண்டும்

அளவை இரண்டு மடங்காக்கியும் ஒரு கரண்டிகூட நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை என்றால், அதை உணவாக நினைக்காமல் மசாலா விழுதாக நினையுங்கள். சிறு கிண்ணங்களில் உறையவைத்து, அடுத்தடுத்த சமையலில் ஒரு துண்டு போட்டால் தீர்ந்துவிடும். குழந்தைகளுக்கும் வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கும் "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பரிமாறுவது மட்டும் கூடாது.

## குறை: காரம் இருக்கிறது, ஆனால் சாஸின் மணமே இல்லை

நல்ல சாஸுக்கு ஒரு பழ வாசமும், புளிக்கவைத்த மிளகாயின் ஆழமும் உண்டு. அதற்காகத்தான் அதை வாங்குகிறோம். அது காணாமல் போனால் முதலில் நேரத்தைப் பாருங்கள். தொடக்கத்திலேயே மொத்தத்தையும் ஊற்றி அரைமணி நேரம் கொதிக்கவிட்டிருந்தால் மணம் ஆவியோடு போய்விட்டது. அடுப்பை அணைத்து, ஒரு தேக்கரண்டி சாஸ் விட்டு, மூடி இரண்டு நிமிடம் வைத்தால் திரும்பிவிடும்.

அப்படியும் வரவில்லை என்றால் பாட்டிலையே முகர்ந்து பாருங்கள். வெறும் வினிகர் வாடைதான் வருகிறதா? அடுப்புக்குப் பக்கத்திலோ சன்னலோரத்திலோ மாதக்கணக்கில் இருந்த பாட்டிலாக இருக்கும். வெளிச்சமும் வெப்பமும் மணத்தைத் தின்றுவிடும். அதை வறுவல் ஊறவைக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிட்டு, புதியதை இருட்டான அலமாரியிலோ குளிர்பதனப் பெட்டியிலோ வையுங்கள்.

## குறை: உப்புக் கரிக்கிறது

சாஸில் உப்பு இருப்பதை மறந்து, வழக்கமான உப்பையும் போட்டிருப்பீர்கள். லேபிளில் சோடியம் அளவைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிக்கு 35 மில்லிகிராம் உள்ள சாஸும் இருக்கிறது, 200 மில்லிகிராமை நெருங்குவதும் இருக்கிறது. இரண்டாவது வகை என்றால், சாஸ் ஊற்றிச் சுவைத்த பிறகே உப்பைக் கையில் எடுக்க வேண்டும். கூடிப்போனதற்கு உப்பில்லாத பொருளைச் சேர்த்து அளவைக் கூட்டுவது ஒன்றே வழி. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே இருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் தினமும் சாஸ் சேர்க்கிறார்கள் என்றால், அந்த அளவை மருத்துவரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

## குறை: பால் அல்லது க்ரீம் சேர்த்த சாப்பாடு திரிந்துவிட்டது

சிறு சிறு வெள்ளைத் துகள்கள், அடியில் நீர். பார்க்க மனம் நொந்துபோகும், ஆனால் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். புளிப்பும் சூடும் சேர்ந்ததால் திரிந்ததுதான்; பாலும் க்ரீமும் நல்லவையாக இருந்தால் சாப்பிடலாம்.

உடனே அடுப்பிலிருந்து இறக்குங்கள். துகள் மிகச் சிறியதாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த க்ரீம் விட்டு வேகமாக அடித்துக் கலக்குங்கள். பல நேரம் கூடிவரும். கூடாவிட்டால் காய்கறி, இறைச்சித் துண்டுகளை வடித்தெடுத்துவிட்டு, ஆறிய சாற்றை மட்டும் மிக்ஸியில் அரையுங்கள். சூடாக அரைத்தால் மூடி தெறிக்கும், அதிலும் இது காரச் சாறு. அரைத்ததில் ஒரு தேக்கரண்டி சோளமாவைக் கரைத்து, சிறு தீயில் சுடவைத்தால் வழவழப்பு திரும்பும்.

இனி வராமல் இருக்க: பாலைவிடக் கொழுப்பு அதிகமான க்ரீம் பாதுகாப்பானது. மாவு கரைத்துக் கெட்டியாக்கிய பால் திரிவது குறைவு. எல்லாவற்றிலும் எளியது, சாஸை முன்பே எண்ணெயில் வதக்கி வினிகரைப் போக்கிவிட்டு, பாலைக் கடைசியில், கொதி அடங்கிய பிறகு சேர்ப்பது.

## குறை: வெண்ணெயும் சாஸும் பிரிந்துவிட்டன

பொரித்ததன் மேல் புரட்டுவதற்காக வெண்ணெயையும் ஹாட் சாஸையும் கலப்பவர்களுக்கு வரும் குறை இது. மேலே மஞ்சள் எண்ணெய், கீழே சிவப்புத் தண்ணீர்.

கொதிக்கவிட்டீர்கள் என்பதுதான் பத்தில் ஒன்பது முறை காரணம். அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீர் விட்டு வேகமாக அடியுங்கள். சேரவில்லையா? வேறொரு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி சாஸை எடுத்து, அதில் பிரிந்த கலவையைச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே அடியுங்கள். கால் தேக்கரண்டி கடுகு விழுது சேர்த்தால் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும்.

முறையாகச் செய்வதென்றால் சாஸை ஆவி வரும் அளவு மட்டும் சுடவைத்து, தீயை அணைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டுக் கலக்க வேண்டும். ஏற்கெனவே உருக்கித் தெளிந்த வெண்ணெயோ நெய்யோ இதற்கு ஒத்துவராது. வெண்ணெயில் இருக்கும் நீரும் பால் புரதமும்தான் இரண்டையும் கட்டிப்பிடிக்க உதவுகின்றன. நெய்யில் அவை இல்லை.

## குறை: பொரித்தது நமுத்துப்போய்விட்டது

புரட்டிய பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? நீர்த்த சாஸில் பெரும்பகுதி தண்ணீர். பத்து நிமிடம் போதும், மொறுமொறுப்பு காணாமல் போக. பரிமாறும் நொடியில் புரட்டுங்கள், அல்லது சாஸைத் தொட்டுக்கொள்ளத் தனியே வையுங்கள்.

உடனே பரிமாறியும் நமுத்தால், பொரித்ததைத் தட்டில் குவித்து வைத்திருப்பீர்கள். அடியிலிருப்பவை தம் ஆவியிலேயே வெந்து ஈரமாகும். கம்பித் தட்டில் பரப்புங்கள். ஏற்கெனவே நமுத்ததை 200 டிகிரி அவனில் ஐந்து முதல் எட்டு நிமிடம் வைத்தால் ஓரளவு மீளும். சர்க்கரை சாஸ் புரட்டியது என்றால் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள், கரிந்துவிடும்.

## குறை: வாணலியில் கரிந்து கைக்கிறது, அல்லது வீடு முழுக்கக் கமறல்

கைப்பு வந்தால் பாட்டில் இரண்டாவது வகை, அதாவது சர்க்கரையும் பூண்டும் கொண்டது. கடுந்தீயில் அவை நொடியில் கருகும். கரிந்ததைக் கிளறாதீர்கள். அடியைச் சுரண்டாமல் மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிச் சுவையுங்கள். கைப்பு ஏறியிருந்தால் எந்தச் சர்க்கரையாலும் அதை மறைக்க முடியாது. அது கொட்ட வேண்டியதுதான், என் கணக்கில் இந்த ஒரு குறைக்குத்தான் மருந்தே இல்லை. இனிப்பு சாஸை எப்போதும் கடைசி இரண்டு நிமிடத்தில், தீயைக் குறைத்த பிறகு சேருங்கள். சுடும் இறைச்சிக்குப் பூசுவதாக இருந்தாலும் அப்படியே: வெந்த பிறகு பூசி, ஒரு திருப்புத் திருப்பி எடுத்துவிடுங்கள்.

கமறல் வேறு. புகையும் வாணலியில் சாஸை நேரே ஊற்றினால் மிளகாயும் வினிகரும் ஒன்றாக நெடியாக எழும்பி எல்லோருக்கும் இருமல் வரும். வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி, சன்னலைத் திறந்து, அறையைவிட்டு வெளியே வாருங்கள். சில நிமிடங்களில் அடங்கிவிடும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சிரைப்பு வந்து, அவருடைய வழக்கமான இன்ஹேலருக்கும் அடங்காவிட்டால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

## குறை: பீன்ஸ், கடலை, பருப்பு மணிக்கணக்கில் வெந்தும் மசியவில்லை

இதற்குச் சாஸைக் காரணமாக யாரும் சந்தேகிப்பதில்லை. புளிப்பு சேர்ந்தால் பருப்பு, பயறு வகைகளின் தோலும் உள்சதையும் இளகுவது நின்றுபோகும். தொடக்கத்தில் ஊற்றிய இரண்டு மேசைக்கரண்டி சாஸ் ஒரு பானை பீன்ஸை முரண்டு பிடிக்க வைத்துவிடும்.

ஒரு மணியை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்குங்கள். வெளியே மென்மை, நடுவில் மாவுபோல் கடினம் என்றால் புளிப்புதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சாற்றை வடித்துத் தனியே வையுங்கள். புதிய வெந்நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு வேகவையுங்கள். நன்றாக மசிந்த பிறகு வடித்த சாற்றைத் திரும்பச் சேருங்கள். அப்படியும் வேகாவிட்டால் சாஸைக் குற்றம் சொல்ல வேண்டாம். பயறு பழையதாக இருக்கும், அல்லது தண்ணீர் கடினமானதாக இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காடாகச் சாப்பிடக் கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியைக் கொண்டுவரும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்திருக்க வேண்டும், பிறகு மென்மையாகும்வரை வேக வேண்டும். "சாஸ் ஊற்றியாயிற்று, இனி வேகாது" என்று அப்படியே பரிமாறிவிடாதீர்கள்.

## சட்டென்று தீரும் சில குறைகள்

முட்டைப் பொடிமாஸில் தண்ணீர் விட்டுவிட்டது என்றால், முட்டையை அடிக்கும்போதே சாஸை அதிகமாகக் கலந்திருப்பீர்கள், அல்லது கடுந்தீயில் கிளறியிருப்பீர்கள். தீயைக் குறைத்து, முட்டை முக்கால் பதம் வந்ததும் இறக்கி, சாஸை மேலே தெளியுங்கள்.

பச்சைக் காய்கள் மங்கிய பழுப்புப் பச்சையாகிவிட்டால் அதுவும் புளிப்பின் வேலை. தீங்கில்லை. நிறம் வேண்டுமென்றால் சாஸைத் தட்டில் வைத்த பிறகு விடுங்கள்.

உலோகச் சுவை வந்தால் பாத்திரத்தைப் பாருங்கள். பூச்சில்லாத அலுமினியத்திலோ இரும்பு வாணலியிலோ புளிப்பு சாஸை நெடுநேரம் கொதிக்கவைக்கக் கூடாது. எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றுங்கள், ஆனால் ஏறிவிட்ட சுவை போகாது. இரும்பு வாணலியைக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவிச் சுடவையுங்கள்.

ஊறவைத்த மீன் வெளிறி உதிர்ந்துவிட்டதா? நீர்த்த சாஸில் மீனுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கோழிக்கு இரண்டு மணி நேரம் தாராளம்.

## குறை: பாட்டிலிலேயே கோளாறு

சாஸ் வரவில்லை. மூக்கு அடைத்திருக்கிறது. பாட்டிலை அழுத்தாதீர்கள். பிதுங்கும்போது கண்ணில் தெறித்த கதைகள் நிறைய உண்டு. மூடியைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, பல்குத்தும் குச்சியால் குத்திவிடுங்கள்.

மேலே தண்ணீர், கீழே சதை. கெட்டியாக்கும் பொருள் சேர்க்காத சாஸ் இப்படித்தான் பிரியும். குலுக்கினால் போதும்.

நிறம் கறுத்துவிட்டது. காற்றும் வெளிச்சமும் பட்டால் சிவப்பு பழுப்பாகும். வாசமும் சுவையும் சரியாக இருந்தால் பயன்படுத்தலாம்.

மூடி உப்பியிருக்கிறது, திறந்தால் நுரைக்கிறது. லேபிளை மறுபடி படியுங்கள். உயிருள்ள நுண்ணுயிரோடு புளிக்கவைத்தது, சூடுபடுத்தாதது என்று எழுதியிருந்தால் சிறிது வாயு இயல்பு. அப்படி எதுவும் இல்லையென்றால் சுவைத்துக்கூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். இன்னும் திறக்காத பாட்டில் என்றால் லேபிளிலுள்ள தொடர்பு எண்ணுக்குச் சொல்லிவிடுவது மற்றவர்களுக்கும் நல்லது.

பூஞ்சணம். விளிம்பில் ஒரு புள்ளி தெரிந்தாலும் முழுப் பாட்டிலும் குப்பைக்குத்தான். வழித்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். காயும் பழமும் கலந்த சாஸில் இது சீக்கிரம் வரும், ஆகவே திறந்ததும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கரண்டியை உள்ளே விடுவதும், சாப்பாட்டில் பட்ட விளிம்பைத் துடைக்காமல் மூடுவதும்தான் பெரும்பாலும் காரணம்.

வீட்டில் செய்த சாஸ். யாராவது அன்போடு செய்து கொடுத்த பாட்டிலுக்கு லேபிள் இருக்காது. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் கூடினால் புளிப்புக் குறைவு) 4.6-க்கு மேலே இருந்தால், காற்றுப் புகாத பாட்டிலில் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். எண்ணெயில் பூண்டு ஊறவைத்தவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. நிறமும் மணமும் இதைக் காட்டிக்கொடுக்காது. செய்தவரிடம் பி.எச். அளந்தாரா என்று கேளுங்கள்; அளக்கவில்லை என்றால் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். வெளியில் வாரக்கணக்கில் இருந்தது என்றால் தொட வேண்டாம். சாப்பிட்ட பின் பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது, விழுங்கச் சிரமப்படுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

## குறை: கை எரிகிறது, கண்ணில் பட்டுவிட்டது, வயிறு கேட்கவில்லை

கை எரிந்தால் வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்து, அதன் மேலேயே பாத்திரம் துலக்கும் சோப்பைப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு முறை செய்தால் அநேகமாகத் தணியும்.

கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள். கையை மேலே சொன்னபடி கழுவிவிட்டு, காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். சுத்தமான நீரைக் குறைந்தது 15 நிமிடம் கண்ணில் மெல்ல ஓடவிடுங்கள். பால் நாக்குக்கு உதவும், கண்ணுக்கு வேண்டாம். அது கிருமி நீக்கிய திரவம் அல்ல. கழுவிய பிறகும் வலி குறையாவிட்டால், பார்வை மங்கினால், வெளிச்சத்தைப் பார்க்க முடியாவிட்டால் கண் மருத்துவரிடம் போங்கள்.

சாப்பிட்டவுடன் உதடோ நாக்கோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சுத் திணறுவது காரத்தால் வருவதாக இருக்காது. ஒவ்வாமையாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

நெஞ்செரிச்சல் எப்போதாவது வந்தால், இரவுச் சாப்பாட்டில் சாஸைக் குறைத்து, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள். வாரத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். ரத்த வாந்தி, கறுத்த மலம், விழுங்கும்போது அடைப்பு இருந்தால் அன்றே போங்கள். போகும்போது பாட்டிலையோ லேபிளின் படத்தையோ எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு ஊற்றுகிறீர்கள், எந்த வேளையில் சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்பார். அதற்கும் தேக்கரண்டிக் கணக்கில் பதில் சொல்ல முடிந்தால் அவருக்கு வேலை எளிதாகும்.